தாலிக்கு முன் ஒரு துளி இரத்தம்

செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் இராஜகிரி மலையடியில் இருக்கும் கல்யாண மகாலைப் பார்க்காமல் திரும்புவதில்லை. அடுக்கடுக்காக உயர்ந்து, கூம்பு முடியோடு நிற்கும் கட்டடம் அது. சென்ற ஆண்டு எங்கள் மாணவ மாணவியரை அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். மலையேறி இறங்கிய களைப்பில் அந்த நிழலில் உட்கார்ந்தோம். இடத்தின் பெயருக்கு ஏற்பப் பேச்சும் கல்யாணத்தைப் பற்றித் திரும்பியது.

ஒரு மாணவி கேட்டாள்: “சார், வகுப்பிலே நாணயத்தைச் சுண்டிப் போட்டு நிகழ்தகவு சொல்லிக் கொடுத்தீர்களே, அந்தக் கணக்கைக் கல்யாணத்துக்கும் போட முடியுமா?”

மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. “என் மாமன் மகனைத்தான் எனக்குப் பேசி வைத்திருக்கிறார்கள். எங்கள் பெரியம்மா மகனுக்கு மாதம் ஒரு முறை இரத்தம் ஏற்றுகிறார்கள். தாலசீமியா என்கிறார்கள். பெரியம்மா நன்றாகத்தான் இருக்கிறார்கள். பெரியப்பாவும் நன்றாகத்தான் இருக்கிறார். எங்களுக்கும் அப்படி ஒரு குழந்தை பிறக்குமா? முன்கூட்டியே சோதித்துப் பார்க்கலாமா?”

சிரிப்பு நின்றது, விவாதம் தொடங்கியது. “ஜாதகம் பொருந்திவிட்டது, அப்புறம் என்ன?” என்றான் ஒருவன். “பெண்ணையோ பையனையோ இரத்தம் சோதித்துக் கொண்டு வா என்றால் அது சந்தேகப்படுவது ஆகாதா?” என்றாள் ஒருத்தி. “ஏதாவது இருக்கிறது என்று வந்துவிட்டால் ஊருக்கெல்லாம் தெரியும், தங்கைக்கும் வரன் வராது” என்றாள் மற்றொருத்தி. “சட்டம் போட்டு எல்லாருக்கும் கட்டாயமாக்கிவிட்டால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்” என்பது இன்னொருவன் யோசனை.

இந்த நான்கு பேச்சும் செஞ்சியில் மட்டும் கேட்பவை அல்ல. திருமணத்துக்கு முன் மருத்துவச் சோதனை என்றவுடன் உலகம் முழுவதும் இளைஞர்கள் சொல்லும் பதில்கள் இவைதாம். இவற்றை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. ஒவ்வொன்றையும் எடுத்து விடை காண முயல்வோம்.

எதற்காகச் சோதனை?

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக் கொள்ள வேண்டும். ‘திருமணத்துக்கு முந்திய சோதனை’ என்று நாம் ஒரே பெயரில் சொல்வதில் இரண்டு வேறு வகைகள் அடங்கியுள்ளன.

ஒன்று, துணைவருக்குத் தொற்றக்கூடிய நோய்களைக் கண்டறிவது: எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை ‘பி’ வைரஸ், மேகப்புண் எனப்படும் சிபிலிஸ் முதலியவை. இங்கே கேள்வி ஒருவரைப் பற்றியது. இவருக்குத் தொற்று உண்டா, இல்லையா?

மற்றொன்று, பரம்பரையாக வரும் நோய்களைப் பற்றியது. தாலசீமியா, அரிவாள் செல் இரத்தசோகை ஆகியவை இந்த வகை. இங்கே கேள்வி ஒருவரைப் பற்றியதே அல்ல, இருவரைப் பற்றியது. ஆண் மட்டும், பெண் மட்டும் என்று பார்த்தால் யாருக்கும் எந்தக் குறையும் இராது. இருவரையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் பொருள் விளங்கும். ஜாதகப் பொருத்தம் பார்த்துப் பழகிய நமக்கு இந்தக் கருத்து புதியதன்று. ஒருவருடைய ஜாதகத்தை மட்டும் வைத்துப் பொருத்தம் சொல்ல முடியுமா?

நாணயத்துக்கு நினைவு இல்லை

நம் உடலின் ஒவ்வொரு பண்புக்கும் உரிய ஜீன்கள் (மரபணுக்கள்) பெரும்பாலும் இரண்டிரண்டாக உள்ளன. ஒன்று தந்தை தந்தது. மற்றது தாய் தந்தது. இரத்தத்தின் சிவப்புப் பொருளான ஈமோகுளோபினைச் செய்யும் ஜீனும் அப்படியே. ஒரு பிரதி பழுதாகி மற்றது நன்றாக இருந்தால் வேலை நடந்துவிடும். இப்படி ஒரு பழுதான பிரதியை வைத்திருப்பவரைச் ‘சுமப்பவர்’ என்போம். அவர் நோயாளி அல்லர். வயலில் வேலை செய்வார், மலையேறுவார், நூறு வயதும் வாழ்வார். மேற்சொன்ன பெரியம்மாவும் பெரியப்பாவும் இத்தகையவர்களே.

சுமப்பவர் ஒருவர் தம் இரண்டு பிரதிகளில் எதைக் குழந்தைக்குக் கொடுப்பார்? அது நாணயம் சுண்டுவது போன்றதே. பூ விழுந்தால் நல்லது, தலை விழுந்தால் பழுதானது என்று கொள்வோம். இருவரும் சுமப்பவர்களானால் இரு நாணயங்கள் சுண்டப்படுகின்றன. பூ-பூ, பூ-தலை, தலை-பூ, தலை-தலை என நான்கு விளைவுகள். கடைசி ஒன்றில்தான் குழந்தைக்கு நோய். ஆகவே நான்கில் ஒரு பங்கு.

இதைப் பலர் தவறாகப் புரிந்து கொள்கிறார்கள். “முதல் குழந்தை நோயோடு பிறந்துவிட்டது, நான்கில் ஒன்று முடிந்தது, இனி மூன்று குழந்தைகள் நன்றாகப் பிறக்கும்” என்று நம்புகிறவர்கள் உண்டு. நாணயத்துக்கு நினைவு இல்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் சுண்டல் புதிதாகவே நடக்கிறது. அதுபோல, நான்கு குழந்தைகளும் நோயின்றிப் பிறக்கவும் கூடும். அதற்கான வாய்ப்பு 256இல் 81, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அப்படிப்பட்ட குடும்பத்தில் தாங்கள் சுமப்பவர்கள் என்பதே யாருக்கும் தெரியாமல் போகும். பரம்பரையில் யாருக்கும் இல்லை என்று ஒரு குடும்பம் சொல்வதால் மட்டும் அந்தக் குடும்பத்தில் சுமப்பவர் இல்லை என்று ஆகிவிடாது.

நோயின் கடுமையையும் சொல்ல வேண்டும். தாலசீமியா முற்றிய வகையில் பிறக்கும் குழந்தைக்கு முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் சோகை தெரியத் தொடங்கும். பிறகு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை வாழ்நாள் முழுவதும் இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றும் இரத்தத்தின் இரும்பு இதயத்திலும் கல்லீரலிலும் தங்கிவிடும். அதை வெளியேற்றவும் நாள்தோறும் மருந்து வேண்டும். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை இதைக் குணப்படுத்த வல்லது. நமக்கு அருகே வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986இலேயே அது தொடங்கிவிட்டது. ஆனால் பொருந்தும் மஜ்ஜையும் பெரும் பணமும் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. இந்தியாவில் சராசரியாக 100 பேரில் 3 அல்லது 4 பேர் தாலசீமியாவைச் சுமப்பவர்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். சில சமூகங்களில் இது மிகக் கூடுதல், சிலவற்றில் குறைவு.

அரிவாள் செல் நோய்க்கும் நம் மாநிலத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. இந்தியாவில் அந்த ஜீன் இருப்பதை லேமன், கட்புஷ் என்னும் இரு ஆய்வாளர்கள் 1952இல் நீலகிரிப் பழங்குடி மக்களிடந்தான் முதலில் கண்டு எழுதினார்கள்.

சுமப்பவராக இருப்பது வெட்கப்பட வேண்டிய விஷயமா? மலேரியா மிகுந்த நாடுகளில் இந்த ஜீன்கள் ஏன் மிகுந்துள்ளன என்று 1949இல் ஜே. பி. எஸ். ஹால்டேன் ஒரு விளக்கம் சொன்னார். ஒரு பிரதியை மட்டும் சுமப்பவரை மலேரியா எளிதில் கொல்வதில்லை என்பதே அது. பிற்கால ஆராய்ச்சிகள் அதை உறுதி செய்தன. அதாவது, சுமப்பவர் கொள்ளைக் காய்ச்சலில் தப்பிப் பிழைத்த முன்னோர்களின் வாரிசு. மேலும், நம்மில் ஒவ்வொருவரும் ஏதோ சில பழுதான ஜீன்களைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறோம். எவை என்று தெரியாது, அவ்வளவே.

உறவுக் கணக்கு

தமிழ்நாட்டில் இந்தக் கணக்குக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. மாமன் மகன், அத்தை மகள், தாய்மாமன் என்று உறவுக்குள் மணம் முடிப்பது நம் வழக்கம். 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுத் திருமணங்களில் ஏறக்குறைய 28 சதவீதம் உறவுக்குள் நடந்தவை.

உறவு என்றால் பொது முன்னோர். பொது முன்னோர் என்றால் பொது ஜீன்கள். நீங்கள் ஒரு பழுதான ஜீனைச் சுமப்பவர் என்று கொள்வோம். உங்கள் மாமன் மகனும் அதே ஜீனைச் சுமக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்று. தாய்மாமனே மணமகன் என்றால் நான்கில் ஒன்று. உறவில்லாத வெளியாள் என்றால், தாலசீமியா போன்ற பரவலான ஜீனுக்கு முப்பதில் ஒன்று. அரிய நோயானால் இருநூறில் ஒன்று, ஐந்நூறில் ஒன்று என்று குறைந்துகொண்டே போகும். நோய் எவ்வளவு அரிதோ, அவ்வளவுக்கு உறவுத் திருமணம் அதன் வாய்ப்பைப் பெருக்குகிறது.

இதைக் கேட்டு அஞ்சிவிடவும் கூடாது. “எங்கள் பாட்டி, பூட்டி காலத்திலிருந்து உறவுக்குள்தான் செய்கிறோம், என்ன கெட்டுவிட்டது?” என்று பெரியவர்கள் கேட்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. நமக்குப் பக்கத்து வட ஆற்காடு மாவட்டத்தில் வேலூர் ஆய்வாளர்களான ராவ், இன்பராஜ் ஆகியோர் நடத்தி 1977இல் வெளியிட்ட ஆய்வுகள் உண்டு. அங்கே கிராமத் திருமணங்களில் ஏறக்குறைய பாதி உறவுக்குள் நடந்தவை. அப்படியிருந்தும் மகப்பேற்று வளத்திலும் கருச்சிதைவுகளிலும் அவர்கள் பெரிய வேறுபாடு காணவில்லை. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், மாமன் மகன்-அத்தை மகள் தம்பதியரின் குழந்தைகளுக்குப் பிறவிக் கோளாறு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 2 முதல் 3 சதவீதம் கூடுதல் எனலாம். பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன.

ஆனால் சராசரி வேறு, உங்கள் குடும்பம் வேறு. குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு நோயாளிக் குழந்தை இருந்தால் சராசரிக் கணக்கை மூட்டை கட்டி வைத்துவிட வேண்டும்.

எங்கள் மாணவியின் கணக்கை மணலில் விரலால் எழுதிப் பார்த்தோம். பெரியம்மா சுமப்பவர் என்பது உறுதி. ஆகவே பாட்டி, தாத்தா இருவரில் ஒருவரேனும் சுமப்பவர். பெரியம்மாவின் உடன்பிறந்தவர்களான அம்மாவும் மாமாவும் சுமப்பவராக இருக்கும் வாய்ப்பு தலைக்கு இரண்டில் ஒன்று. அவர்கள் பிள்ளைகளுக்கு நான்கில் ஒன்று. மாணவியும் மாமன் மகனும் இருவருமே சுமப்பவர்களாக இருக்கும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு அதில் நான்கில் ஒன்று, அதாவது 64இல் 1.

“64இல் 1 என்றால் பயப்படலாமா, கூடாதா சார்?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. 64இல் 1 என்பது அறியாமையின் அளவு. சோதனை செய்துவிட்டால் அந்த எண் நிற்காது. இருவரில் ஒருவர் சுமப்பவர் அல்லர் என்று தெரிந்தால் அது ஏறக்குறைய 0 ஆகிவிடும். பதினாறில் பதினைந்து பங்கு அப்படியே முடியும். இருவரும் சுமப்பவர்கள் என்று தெரிந்தால் அது 4இல் 1 ஆகும். அப்போது முடிவெடுக்க ஒரு தெளிவான அடிப்படை கிடைக்கும்.

இரத்தத்தை எண்ணும் மின்சாரம்

இந்தச் சோதனை எப்படி நடக்கிறது? பௌதிகம் படித்தவர்களுக்கு இதில் ஒரு மகிழ்ச்சி உண்டு. முதல் கட்டச் சோதனை ஓமின் விதியில் நிற்கிறது.

அமெரிக்கரான வாலஸ் கூல்ட்டர் 1953இல் காப்புரிமை பெற்ற முறை அது. இரத்தத்தை உப்பு நீரில் கலந்து ஒரு மிகச் சிறிய துளை வழியாக உறிஞ்சுகிறார்கள். துளையின் இரு பக்கமும் மின்முனைகள் உள்ளன. உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும். இரத்தச் செல் ஏறக்குறையக் கடத்தாது. ஒரு செல் துளைக்குள் நுழையும்போது அதன் பருமனுக்குச் சமமான உப்பு நீர் விலகுகிறது. மின்தடை கணப்பொழுது உயர்ந்து ஒரு துடிப்பு தோன்றுகிறது. துடிப்புகளை எண்ணினால் செல்களின் எண்ணிக்கை. துடிப்பின் உயரத்தை அளந்தால் செல்லின் பருமன்! ஊர்ப் பரிசோதனைக் கூடங்களில் ‘சி.பி.சி.’ என்று செய்யப்படும் சாதாரண இரத்தச் சோதனை இதுதான். செலவு சில நூறு ரூபாய்.

அதன் அறிக்கையில் ‘எம்.சி.வி.’ என்று ஓர் எண் இருக்கும். அது சிவப்பணுவின் சராசரிப் பருமன். வழக்கமாக 80 முதல் 100 கன மைக்ரான். (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) தாலசீமியாவைச் சுமப்பவர்களின் சிவப்பணு சிறியது, எண் 80க்குக் கீழே இருக்கும். இரும்புச்சத்துக் குறைவிலும் அணு சிறுக்கும் என்பதால் இதோடு முடிவு செய்யக்கூடாது. அடுத்த கட்டமாக ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கிறார்கள். ‘ஏ-2’ என்னும் வகை 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் சுமப்பவர் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அரிவாள் செல்லைச் சுமப்பவரின் அணுப் பருமன் இயல்பாகவே இருக்கும். அதற்கு இந்த இரண்டாம் சோதனை நேரடியாகவே தேவை. அரிவாள் செல் ஈமோகுளோபின் மின்புலத்தில் வேறு வேகத்தில் நகர்கிறது என்பதை லைனஸ் பாலிங்கும் அவர் குழுவினரும் 1949இல் காட்டினார்கள். ஒரு நோயின் காரணத்தை ஒரே மூலக்கூறில் கண்டது அதுவே முதல் தடவை.

இரத்தப் பிரிவுப் பயம்

சோதனை பற்றிப் பேசும்போது ஒரு தவறான எண்ணத்தையும் களைந்துவிட வேண்டும். மணமக்கள் இருவரும் ஒரே இரத்தப் பிரிவாக இருக்கக் கூடாது என்று நம் ஊரில் பலர் நம்புகிறார்கள். நல்ல வரன்கள் இதற்காகவே தட்டிப் போகின்றன. இதில் உண்மை இல்லை. ‘ஓ’வும் ‘ஓ’வும் மணக்கலாம், ‘பி’யும் ‘பி’யும் மணக்கலாம்.

கவனிக்க வேண்டியது ஆர்.எச். மட்டும். மனைவி ‘நெகடிவ்’, கணவன் ‘பாசிடிவ்’ என்றால் குழந்தை ‘பாசிடிவ்’ ஆகக் கூடும். அப்போது தாயின் உடலில் குழந்தையின் இரத்தத்தை எதிர்க்கும் பொருள்கள் தோன்றி அடுத்த குழந்தையைத் தாக்கலாம். கர்ப்பத்தின் 28ஆம் வாரத்தை ஒட்டியும், குழந்தை ‘பாசிடிவ்’ என்றால் பிரசவம் ஆன 72 மணி நேரத்துக்குள்ளும் ‘ஆன்டி-டி’ ஊசி போட்டால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். ஆகவே இது திருமணத்தை நிறுத்தும் காரணம் அன்று. மகப்பேற்று மருத்துவரிடம் முதல் நாளே சொல்ல வேண்டிய செய்தி.

‘உண்டு’ என்றால் உண்டா?

தொற்று நோய்ச் சோதனைகளில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கணக்குக்காக 10,000 இளைஞர்களை எடுத்துக்கொள்வோம். அவர்களில் 20 பேருக்கு உண்மையில் தொற்று இருக்கட்டும். நம் சோதனை அந்த 20 பேரையும் தவறாமல் பிடித்துவிடும். தொற்று இல்லாதவர்களில் 200 பேருக்கு ஒருவரை மட்டும் தவறாக ‘உண்டு’ என்று சொல்லும் என்று வைத்துக்கொள்வோம். 99.5 சதவீதம் சரி! நல்ல சோதனைதானே?

தொற்று இல்லாதவர் 9,980 பேர். அவர்களில் தவறாக ‘உண்டு’ என்று வருவோர் சுமார் 50. ஆகமொத்தம் 70 பேருக்கு ‘உண்டு’ என்று வருகிறது. அதில் உண்மையில் தொற்றுள்ளவர் 20 பேர்தாம்! முதல் தாளைப் பார்த்துவிட்டுத் திருமணத்தை நிறுத்தினால் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரபராதிகளைத் தண்டித்ததாகும். அந்த 70 பேரையும் வேறு வகைச் சோதனையால் மறுபடி பார்த்தால் தவறு ஏறக்குறைய மறைந்துவிடும். அதனால்தான் எச்.ஐ.வி.யை மூன்று வேறு சோதனைகளால் உறுதி செய்த பிறகே சொல்கிறார்கள். தொற்றிய முதல் சில வாரங்களில் சோதனையில் தெரியாமல் போவதும் உண்டு. ஆகவே ஒரு காகிதம் நற்சான்றும் ஆகாது, குற்றப்பத்திரிகையும் ஆகாது.

ஊருக்குத் தெரிந்துவிட்டால்?

இப்போது அந்தக் கடினமான பேச்சுக்கு வருவோம். “தங்கைக்கும் வரன் வராது.” இந்தப் பயம் வீண் பயம் அல்ல என்பதற்குக் கிரேக்க நாட்டு ஓர்க்கோமெனோஸ் வட்டாரமே சான்று.

அங்கே அரிவாள் செல்லைச் சுமப்பவர்கள் மிகுதி. நான்கு பேருக்கு ஒருவர் என்ற அளவை நெருங்கியது. விஞ்ஞானிகள் ஊர் முழுவதையும் சோதித்து, அவரவர் நிலையைச் சொல்லி, சுமப்பவர் இருவர் ஒருவரையொருவர் மணக்க வேண்டாம் என்று அறிவுரை கூறினார்கள். சில ஆண்டுகளுக்குப் பின் என்ன ஆயிற்று என்று பார்த்து 1974இல் எழுதினார்கள். சுமப்பவர் இருவருக்கிடையே நடந்த திருமணங்கள், சோதனையே நடக்காதிருந்தால் தற்செயலாக எத்தனை நடந்திருக்குமோ ஏறக்குறைய அத்தனையே இருந்தன. காரணம், சுமப்பவர் என்ற பெயர் ஒரு கறையாகிவிட்டது. வரன் தட்டிப்போகும் என்று அஞ்சிப் பலர் உண்மையை மறைத்தார்கள். விஞ்ஞானம் சரியாக இருந்தது. அதைக் கையாண்ட முறை ஊர் மனத்தை அறியாமல் போயிற்று.

நம் சென்னையிலும் ஒரு வழக்கு உண்டு. ஒரு மருத்துவமனையில் இரத்தம் கொடுத்த ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிய வந்தது. செய்தி வெளியாகி, 1995இல் நிச்சயமாகியிருந்த அவர் திருமணம் நின்றது. தம் இரகசியம் காக்கப்படவில்லை என்று அவர் உச்ச நீதிமன்றம் வரை சென்றார். மணமகளாக இருந்தவரின் உயிர்ப் பாதுகாப்பே பெரிது என்று 1998இல் நீதிமன்றம் சொன்னது. அத்தோடு நில்லாமல், அத்தகையவரின் திருமண உரிமையே நிறுத்தி வைக்கப்படும் என்றும் கூறியது. இந்தப் பிற்பகுதி தேவையற்றது என்று 2002இல் அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2017இல் இயற்றப்பட்ட எச்.ஐ.வி. சட்டத்தின்படி, ஒருவர் அறிந்து தரும் சம்மதம் இல்லாமல் இச்சோதனையைச் செய்யக் கூடாது. முடிவை வெளியிடவும் கூடாது. சட்டம் விதித்த சில நிலைமைகள் மட்டுமே இதற்கு விலக்கு.

‘உண்டு’ என்று வந்தவரின் வாழ்வும் முடிந்துவிடுவதில்லை. 1986இல் சென்னையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்த டாக்டர் சுனிதி சாலமன், பிற்காலத்தில் அத்தொற்றுள்ளவர்களுக்கிடையே வரன் பார்த்துக் கொடுக்கும் பணியையும் செய்தார். இன்று மருந்தை ஒழுங்காக உட்கொண்டு, இரத்தத்தில் வைரஸ் அளவிட முடியாதபடி குறைந்தவரிடமிருந்து உடலுறவின் மூலம் துணைவருக்குத் தொற்றுவதில்லை.

சட்டம் போட்டால்?

2014இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, திருமணத்துக்கு முன் மருத்துவச் சோதனையை ஏன் கட்டாயமாக்கக் கூடாது என்று அரசுகளைக் கேட்டது. மாணவனின் யோசனையும் அதுவே. மற்ற நாடுகள் செய்து பார்த்ததைக் காண்போம்.

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலம் 1988 ஜனவரி முதல் எச்.ஐ.வி. சோதனையைத் திருமணத்துக்குக் கட்டாயமாக்கியது. முதல் ஆறு மாதத்தில் 70,846 பேரைச் சோதித்ததில் தொற்று இருந்தது 8 பேருக்கு. திருமணப் பதிவுகளோ 22.5 சதவீதம் குறைந்தன. மக்கள் பக்கத்து மாநிலத்துக்குப் போய்த் திருமணம் செய்துகொண்டார்கள்! 1989இல் சட்டம் திரும்பப் பெறப்பட்டது.

ஈரான் 1997 முதல் தாலசீமியாச் சோதனையைக் கட்டாயமாக்கியது. முதலில் மணமகனுக்கு மட்டும் அணுப் பருமன் பார்ப்பார்கள். அது சிறுத்திருந்தால்தான் மணமகளுக்கு. செலவைக் குறைக்கும் நல்ல உபாயம் இது. 2001 முடிய 27 இலட்சம் இணைகளைச் சோதித்ததில் இருவருமே சுமப்பவராக இருந்த இணைகள் 10,298. விளக்கம் கேட்ட பிறகும் இவர்களில் 53 சதவீதத்தினர் மணந்துகொண்டார்கள். நிச்சயம் முடிந்து நாளும் குறித்த பிறகு வரும் செய்தி, மனத்தை மாற்ற எளிதில் வல்லதாவதில்லை. அப்படி மணந்தவர்களுக்காகக் கருவிலேயே சோதிக்கும் வசதியையும் அந்நாடு பின்னர் அளித்தது.

சைப்ரஸ் தீவில் தேவாலயத் திருமணத்துக்குச் சான்றிதழ் கேட்கிறார்கள். அந்தச் சான்றிதழ் சோதனை நடந்தது, ஆலோசனை தரப்பட்டது என்று மட்டும் சொல்லும், முடிவைச் சொல்லாது. பெரும்பாலான இணைகள் பிரிவதில்லை. மணந்துகொண்டு கருவைச் சோதித்துக்கொள்கிறார்கள். அத்தீவில் தாலசீமியாவோடு பிறக்கும் குழந்தைகள் மிக அரிதாகிவிட்டார்கள்.

நியூயார்க்கின் புரூக்ளினில் பழமைப் பற்றுள்ள யூத மக்களிடையே நடப்பது நமக்கு இன்னும் நெருக்கமானது. அவர்களும் பெரியோர் பார்த்து முடிக்கும் திருமணத்தினர். பெயர் கெட்டால் வரன் வராது என்று அஞ்சுகிறவர்கள். டே-சாக்ஸ் என்னும் பரம்பரை நோயில் தம் குழந்தைகள் நால்வரை இழந்த ஜோசப் எக்ஸ்டைன் என்ற மதகுரு 1983இல் ‘தோர் யெஷோரிம்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். பள்ளி வயதிலேயே பிள்ளைகளின் இரத்தத்தைச் சோதித்து ஓர் எண் மட்டும் தருவார்கள். வரன் வந்தால் இரு எண்களையும் சொல்லிக் கேட்க வேண்டும். ‘பொருந்தும்’ அல்லது ‘பொருந்தாது’ என்பதே பதில். யார் எதைச் சுமக்கிறார் என்பது ஊருக்குத் தெரியாது. ‘பொருந்தாது’ என்றாலும் யாருக்கும் இழுக்கு இல்லை, வேறொருவரோடு பொருந்தும்.

ஓர்க்கோமெனோஸில் தோற்றதும் புரூக்ளினில் வென்றதும் ஒரே விஞ்ஞானந்தான். வேறுபட்டது இரண்டு: இரகசியமும் காலமும்.

எப்போது, எப்படி?

நம் நாட்டிலும் வழி திறந்திருக்கிறது. 2047க்குள் அரிவாள் செல் நோயை ஒழிக்கும் நோக்குடன் 2023இல் தேசிய இயக்கம் ஒன்று தொடங்கப்பட்டது. சோதித்துக்கொண்டவர்களுக்கு அட்டை தருகிறார்கள். மணம் பேசுமுன் இரு அட்டைகளையும் பொருத்திப் பார்க்கச் சொல்கிறார்கள். ஆனால் அட்டையோ சட்டமோ வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. செஞ்சி போன்ற ஊரில் இருக்கும் ஓர் இளைஞர் இன்றே செய்யக் கூடியவை இவை:

1. வரன் பேசத் தொடங்கும் முன்பே, கல்லூரி நாட்களிலேயே, உங்களுக்காக நீங்களே சோதித்துக்கொள்ளுங்கள். யாரோ சந்தேகப்பட்டுக் கேட்பது அவமானம்; நானாக அறிந்துகொள்வது அறிவு. இரத்தப் பிரிவும் ‘சி.பி.சி.’யும் முதலில் போதும். அணுப் பருமன் குறைவு என்றால், அல்லது குடும்பத்தில் நோயாளி இருந்தால், ஈமோகுளோபின் வகைச் சோதனையை மருத்துவரிடம் கேளுங்கள்.

2. சொந்தத்தில் மணம் பேசினால், பெரியம்மா, சித்தி, அத்தை வீடுகளில் இரத்தம் ஏற்றிக்கொள்ளும் குழந்தை, காது கேளாத குழந்தை, சிறு வயதில் இறந்த குழந்தை உண்டா என்று மூன்று தலைமுறைக்குக் குறித்து வையுங்கள். மருத்துவரின் முதல் கேள்வி அதுவாகவே இருக்கும்.

3. தொற்று நோய்ச் சோதனையை இருவரும் செய்துகொள்ளுங்கள். பெண்ணை மட்டும் சோதிப்பது விஞ்ஞானமும் அன்று, நியாயமும் அன்று. அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. சோதனையும் ஆலோசனையும் இலவசம், முடிவு இரகசியம். காமாலை ‘பி’ துணைவருக்கு இருந்தால் மற்றவரைத் தடுப்பூசியால் காக்கலாம்.

4. முடிவுத் தாள் உங்களுடையது. அதைத் தரகரிடமோ உறவினர் கூட்டத்திலோ காட்ட வேண்டியதில்லை. மணக்கப் போகும் ஒருவரிடம் மட்டும், நிச்சயதார்த்தத்துக்கு முன், மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பத்திரிகை அடித்து மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்த பிறகு வரும் உண்மை இடியாக விழுகிறது. அதே உண்மை மூன்று ஆண்டுகள் முன்பே தெரிந்திருந்தால் அது வெறும் செய்தி. வித்தியாசம் உண்மையில் இல்லை; நேரத்தில் இருக்கிறது.

அந்த மாணவி பிறகு என்ன செய்தாள் என்று நீங்கள் கேட்கலாம். சில மாதம் கழித்து ஆய்வுக்கூடத்தில் அலைவீச்சைக் குறித்துக்கொண்டே மெல்லச் சொன்னாள்: “சார், நாங்கள் இரண்டு பேருமே பார்த்துவிட்டோம். வீட்டிலும் பேசிவிட்டோம்.” முகம் தெளிவாக இருந்தது. முடிவு என்ன என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.